வீட்டுக்கு அடியில் உப்பு: இங்கிலாந்தின் நார்த்விச் ஊரைப் பற்றி யாருக்காவது தெரியுமா?

#1 மழைக்கோட்டு

வணக்கம் நண்பர்களே. மான்செஸ்டரில் ஏழு வருடமாக வாடகை வீடு. இந்த வருடம் எப்படியாவது சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது என்று நானும் மனைவியும் தேடியதில், செஷயர் மாவட்டத்தில் நார்த்விச் என்ற சின்ன ஊரில் ஒரு வீடு பிடித்துப்போனது. ஜனத்தொகை இருபதாயிரத்துச் சொச்சம். ஊருக்கு நடுவே வீவர், டேன் என்று இரண்டு ஆறுகள் சேர்கின்றன. கடைத்தெருவில் கறுப்பு வெள்ளை மரச்சட்டக் கட்டடங்கள். விலையும் கையைக் கடிக்கவில்லை.

விலை பேசி முடித்து வக்கீலிடம் போனால், அவர் அனுப்பிய செலவுப் பட்டியலில் ஒரு வரி: 'செஷயர் பிரைன் சர்ச்'. வெள்ளம், வடிகால், நிலக்கரிச் சுரங்கம் என்று மற்ற விசாரணைகள் எல்லாம் கேள்விப்பட்டவைதான். உப்புநீருக்கும் என் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால், "அந்தப் பக்கம் எல்லா வீட்டுக்கும் கேட்பது வழக்கம்" என்று முடித்துக்கொண்டார். மனைவி இணையத்தில் தேடி, ஒரு வீடு அப்படியே மல்லாந்து கிடக்கும் பழைய படத்தைக் காட்டி, "இதுதானே நீங்கள் பார்த்த ஊர்?" என்கிறாள்.

அங்கே இருப்பவர்கள், வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 சும்மா_வந்தவன்

ஊறுகாய் போட நல்ல ஊர் போலிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் வரும்வரை துண்டு போட்டு வைக்கிறேன்.

#3 வீவர்க்கரை

தம்பி, பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வரியைப் பட்டியலிலிருந்து அடிக்கவும் வேண்டாம். நான் இந்தப் பக்கம் வந்து இருபத்திரண்டு வருடம். ரசாயன ஆலைகளில் குழாய், வால்வு பராமரிக்கும் ஒப்பந்த வேலை. ஊரை அடியிலிருந்து பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செஷயர் சமவெளிக்குக் கீழே பாறை உப்பு படுகை படுகையாக இருக்கிறது. இருபது கோடி வருடங்களுக்கு முன்னால் டிரையாசிக் காலத்தில் தேங்கி வற்றிய உப்பு. நார்த்விச்சில் இரண்டு அடுக்கு. மேலடுக்கு தரையிலிருந்து 40 மீட்டரிலேயே வந்துவிடும். ஒவ்வோர் அடுக்கும் சுமார் 25 மீட்டர் தடிமன், நடுவே 10 மீட்டர் களிப்பாறை. நிலத்தடி நீர் மேலடுக்கின் தலையைத் தடவிக்கொண்டு ஓடும்போது உப்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அதுதான் பிரைன். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. இந்த நீரில் இருபத்தாறு பங்கு. அதற்கு மேல் தண்ணீர் தாங்காது.

ரோமானியர் காலத்திலேயே இங்கே காய்ச்சியிருக்கிறார்கள். அப்போது ஊர்ப் பெயர் கொண்டாட்டே. அவர்கள் பயன்படுத்திய ஈயத் தொட்டிகள் இந்த வட்டாரத்தில் கிடைத்திருக்கின்றன. நார்த்விச், மிடில்விச், நாண்ட்விச் என்று மூன்று 'விச்' ஊர்களும் உப்பு ஊர்கள்தான். பக்கத்து வேல்ஸ்காரர்கள் தங்கள் மொழியில் நார்த்விச்சுக்குக் கறுப்பு உப்புக்குழி என்றும், நாண்ட்விச்சுக்கு வெள்ளை உப்புக்குழி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1670 வரைக்கும் ஊற்றில் வந்த நீரைக் காய்ச்சினார்களே தவிர, அடியில் பாறையாகவே உப்பு கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த வருடம் பக்கத்தில் மார்பரி என்ற ஜமீன் நிலத்தில் நிலக்கரி தேடித் துளை போட்டார்கள். நிலக்கரி வரவில்லை, உப்புப்பாறை வந்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் உங்கள் வக்கீல் பட்டியலில் வந்து நிற்கிறது.

மீதி நாளைக்கு. இரவுப் பணி இருக்கிறது.

#4 முத்துநகரான்

இருபத்தாறு பங்கா! தூத்துக்குடி உப்பளத்துக்காரன் நான். தாத்தா காலத்துப் பாத்திகள் இன்னும் குத்தகையில் ஓடுகின்றன. நாங்கள் கடல்நீரையோ கிணற்றுநீரையோ பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் நாள்கணக்கில் சுண்டவைத்துத்தான் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியும். இவர்களுக்கு நிலமே சுண்டவைத்துக் கொடுத்திருக்கிறது.

ஆனால் ஒரு சந்தேகம். அந்த ஊரில் வெயில் ஏது? எதை வைத்துக் காய்ச்சினார்கள்?

#5 வீவர்க்கரை

நிலக்கரிதான், முத்துநகரானே. அங்கேதான் ஊருக்குக் கரி பூசினார்கள்.

மார்ஸ்டன் கிராமத்தில் லயன் சால்ட் ஒர்க்ஸ் என்று ஒன்று இருக்கிறது. தாம்ப்சன் குடும்பம் 1894-இல் ஆரம்பித்தது. 1986 வரை திறந்த தொட்டியில் உப்புக் காய்ச்சிவிட்டு மூடினார்கள். 2015-இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். வீடு பார்க்க வரும்போது தம்பி கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு அளவுக்கு இரும்புத் தொட்டி, அடியில் வரிசையாக அடுப்புகள். பிரைன் கொதிக்க 107 டிகிரி வேண்டும். வேகமாகக் கொதித்தால் மாவு போலப் பொடி உப்பு. தீயைக் குறைத்து ஒரு வாரம், இரண்டு வாரம் வெதுவெதுப்பாகவே வைத்திருந்தால் கல் கல்லாகப் பெரிய பரல். அது மீன் பதப்படுத்துகிறவர்களுக்குப் போகும். ஒரே தொட்டி, ஒரே நீர், தீயின் கைப்பக்குவத்தில் ரகம் மாறும். நீரைத் தெளிய வைக்கவும் பரலை நயமாக்கவும் மாட்டுப்பசை, முட்டை வெள்ளைக்கரு, ரத்தம் என்று என்னென்னவோ ஊற்றியிருக்கிறார்கள்.

ஆவியில் முன்னால் நிற்பவன் முகமே தெரியாது. இடுப்புக்கு மேல் துணியில்லாமல், காலில் மரக்கட்டைச் செருப்போடு, நீளமான கோலால் உப்பை ஓரத்துக்கு இழுத்து, ஓட்டைக் கரண்டியால் அள்ளி மரப்பெட்டியில் அடித்து நிரப்புவார்கள். நீர் வடிந்ததும் கவிழ்த்தால் செங்கல் போலக் கட்டி. அதைச் சூட்டறையில் அடுக்கிக் காயவைப்பார்கள். தொட்டியின் அடியில் கல் போலப் படியும் காரையை அடிக்கடி உளியால் கொத்தி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி வெந்து வளைந்துவிடும்.

#6 முத்துநகரான்

மேலே ஆவி, கீழே தீ. எங்களுக்கு மேலே வெயில், கீழே உப்பு பிரதிபலிக்கும் வெயில். கண்தான் முதலில் போகும். வாரிப் போடும் கை மட்டும் எங்கேயும் ஒன்றுதான் போல.

#7 கல்வெட்டுக்கிறுக்கன்

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். உப்பு எங்கே போனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நம் ஆட்களும் இருக்கிறார்கள்.

வீவர் ஆற்றைப் படகு போகும்படி சீராக்க 1721-இல் பாராளுமன்றத்தில் சட்டம் வாங்கினார்கள். 1732-இல் வேலை முடிந்தது. அதன்பின் உப்பு ஆற்று வழியே லிவர்பூல், அங்கிருந்து உலகம். லிவர்பூல் வளர்ந்ததற்கு அடிமை வியாபாரமும் பஞ்சும் காரணம் என்போம். உப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கல்கத்தாவுக்குப் போகும் கப்பல் காலியாகப் போனால் கடலில் தள்ளாடும். அடிப்பாரமாகச் செஷயர் உப்பை ஏற்றினார்கள். அங்கே இறக்கினால் அதுவே சரக்கு. 19-ஆம் நூற்றாண்டில் வங்காளச் சந்தையை அந்த உப்பு பிடித்துக்கொண்டது. வங்காளக் கரையில் காய்ச்சிக்கொண்டிருந்த மலங்கிகள் என்ற உப்புத் தொழிலாளர்களின் பிழைப்பு போனது. 1863-இல் அரசே அங்கே உப்பு உற்பத்தியை நிறுத்திவிட்டது.

#8 முத்துநகரான்

அப்படியானால் வேதாரண்யத்தில் ராஜாஜி அள்ளியதும் இந்த உப்புக்கு எதிராகத்தானா?

#9 கல்வெட்டுக்கிறுக்கன்

நேரடியாக இல்லை. 1930 வேதாரண்யம் உப்பு வரிக்கும் அரசின் ஏகபோகத்துக்கும் எதிரானது. சென்னை மாகாணத்தில் வெயில் தாராளம், பாத்திகளும் தாராளம். வங்காளத்தைப் பிடித்ததுபோல் இங்கிலாந்து உப்பால் நம் கரையைப் பிடிக்க முடியவில்லை. வங்காளத்தில் காற்றில் ஈரம் அதிகம், விறகு வைத்துக் காய்ச்ச வேண்டும், அதனால் அடக்கவிலை அதிகம். இரண்டையும் ஒரே கதையாகக் கலந்து முகநூலில் சுற்றவிடுகிறார்கள். இங்கேயும் வேண்டாமே.

#10 மழைக்கோட்டு

எல்லாம் சுவையாக இருக்கிறது, ஆனால் என் வீட்டு விஷயம்? மல்லாந்து கிடந்த வீடு உண்மையா, போட்டோ வேலையா?

#11 வீவர்க்கரை

உண்மைதான். 1892-இல் கேஸில் சேம்பர்ஸ் என்ற கட்டடம். பின்பக்கம் தரை இறங்கிவிட, முகப்பு வானத்தைப் பார்த்தபடி சாய்ந்துவிட்டது. இந்த ஊர் ஏன் இறங்கியது என்று மூன்று தவணையாகச் சொல்கிறேன்.

முதல் தவணை, மேலடுக்குச் சுரங்கம். 1670-க்குப் பிறகு ஆளாளுக்குக் குழி தோண்டினார்கள். மேலே நல்ல தண்ணீர் ஓடுகிறது, கீழே உப்பு. கசிந்தால் கூரை கரையும். ஒவ்வொன்றாக இடிந்தன.

இரண்டாவது, கீழடுக்கு. 1781-இல் அதைக் கண்டுபிடித்ததும் எல்லாரும் ஆழமாகப் போனார்கள். கீழே மண்டபம் போல விசாலமான அறைகள், கூரையைத் தாங்க உப்பிலேயே தூண்கள். 1844-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் வந்தபோது மார்ஸ்டன் சுரங்கத்துக்குள் ஆயிரக்கணக்கில் விளக்கேற்றி விருந்து வைத்ததாகச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய இடம். ஆனால் தூணுக்கு விடும் உப்பு விற்காத உப்பு. அதனால் தூணைச் சிக்கனமாக விட்டார்கள்.

மூன்றாவதுதான் உச்சம். கைவிட்ட சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பினால் அது சும்மா இருக்குமா? தூண்களைக் கரைக்கும். கரைந்த நீரைப் பம்ப் போட்டு இறைத்துக் காய்ச்சினார்கள். தோண்டுகிற கூலி மிச்சம் பாருங்கள்! இறைக்க இறைக்கப் புதுத் தண்ணீர் உள்ளே வரும், தூண் இன்னும் கரையும். இந்த நீருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் தகப்பன் பெயர் தெரியாதவன் என்று திட்டும் சொல். 1880 டிசம்பரில் ஊருக்கு வடக்கே ஒரே நாளில் பெரிய நிலப்பரப்பு உள்வாங்கி, ஓடைநீர் சுரங்கங்களுக்குள் பாய்ந்தது. இன்றைக்கு ஊரின் வடக்கே ஏரிகள் போலத் தெரிகிறவை, நியூமன்ஸ் ஃப்ளாஷ், ஆஷ்டன்ஸ் ஃப்ளாஷ் எல்லாம், இப்படி இடிந்த பள்ளங்களில் நீர் நின்றவைதான்.

#12 சும்மா_வந்தவன்

வீடு இறங்கினவன் பம்ப் வைத்தவன் சட்டையைப் பிடிக்க மாட்டானா?

#13 கல்வெட்டுக்கிறுக்கன்

எந்தச் சட்டையை? அங்கேதான் சூட்சுமம். நீ ஓரிடத்தில் இறைக்கிறாய். தண்ணீர் மைல்கணக்கில் அடியில் ஓடி வந்து, வழியில் எங்கோ உப்பைக் கரைத்துக்கொண்டு உன் பம்புக்கு வருகிறது. இறங்குவது அந்த 'எங்கோ'வில் இருக்கிறவன் வீடு. சுற்றிலும் இருபது பம்ப். எந்தப் பம்ப் என் வீட்டை இறக்கியது என்று கோர்ட்டில் எப்படி நிரூபிப்பாய்?

உப்புக் கம்பெனிகள் பல சேர்ந்து 1888-இல் சால்ட் யூனியன் என்று பெரிய கூட்டு வைத்தன. அதுவே 1906-இல் சோடா தயாரித்த புரூன்னர் மாண்ட் மேல், "நீ இறைப்பதால் எங்கள் நிலத்து உப்பு கரைகிறது" என்று வழக்குப் போட்டுத் தோற்றது. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால் மளிகைக்கடைக்காரன் என்ன செய்வான்?

அதற்கு முன்பே, 1891-இல், பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. யார் இறக்கினார்கள் என்று தேட வேண்டாம். ஒரு வட்டாரத்தில் இறைக்கிற எல்லாரிடமும், இறைக்கும் நீரின் அளவுக்குத் தக்கபடி தீர்வை வாங்கி, பொது உண்டியலில் போட்டு, வீடு போனவர்களுக்குக் கொடுக்கலாம். குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் மொத்தப் பேரும் கட்டட்டும் என்பது அன்றைக்குப் புதுமையான யோசனை. 1952-இல் செஷயருக்கு என்றே தனிச்சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி அமைந்த இழப்பீட்டு வாரியம் இன்றைக்கும் இருக்கிறது. மழைக்கோட்டு கேட்கும் பிரைன் சர்ச் என்பது அந்த வாரியத்தின் ஏட்டில் உங்கள் வீட்டு எண் இருக்கிறதா என்று பார்ப்பது.

#14 வீவர்க்கரை

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர்க்காரர்கள் அதற்குள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். தம்பி, நீங்கள் ரசித்த கறுப்பு வெள்ளைக் கட்டடங்களை ட்யூடர் காலத்தவை என்று நினைத்தீர்களா? பெரும்பாலும் 1880-களுக்குப் பிறகு கட்டியவை. செங்கல் சுவர் விட்டுக்கொடுக்காது, தரை இறங்கினால் பிளந்துவிடும். மரச்சட்டம் விட்டுக்கொடுக்கும். கட்டடம் முழுவதையும் பெட்டி போல ஒரு சட்டத்தில் நிறுத்தி, அடியில் ஜாக்கி வைக்க இடம் விட்டுக் கட்டினார்கள். ஒரு மூலை இறங்கினால் லாரி டயர் மாற்றுவதுபோல் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்துவிடுவார்கள். பழைய தபால் நிலையம் அப்படிக் கட்டியதுதான். இப்போது பென்னி பிளாக் என்று மதுக்கூடமாக இருக்கிறது.

ஆற்றுப் பாலங்களையும் பாருங்கள். டவுன் பிரிட்ஜ், ஹேஹர்ஸ்ட் பிரிட்ஜ் இரண்டும் 1890-களின் கடைசியில் வந்தவை. கப்பல் வந்தால் மின்சாரத்தில் திரும்பி வழிவிடும். தரையை நம்ப முடியாததால் பாலத்தின் பாரத்தைத் தண்ணீரில் மிதக்கும் பெரிய இரும்புத் தொட்டியில் ஏற்றிவிட்டார்கள். 1980-களில் ஆற்றில் மிதக்கும் ஓட்டல்கூட ஒன்று வைத்தார்கள், இப்போது இல்லை.

#15 மழைக்கோட்டு

அடுத்த சனிக்கிழமை அந்த மதுக்கூடத்துக்கு அடியில் குனிந்து பார்க்கத்தான் போகிறேன். சரி, இன்றைக்கு ஊர் மையத்துக்கு அடியில் என்ன நிலை? பேரன்ஸ் கீ என்று புதுக் கடைவளாகமே கட்டியிருக்கிறார்களே.

#16 வீவர்க்கரை

கட்டுவதற்கு முன்னால் அடியை நிரப்பினார்கள். ஊர் மையத்தின் கீழே நான்கு பழைய சுரங்கங்கள், உள்ளே முழுக்க உப்புநீர். 2004 முதல் 2007 வரை, மின்நிலையச் சாம்பல், சிமெண்ட், உப்பு கலந்த குழம்பைத் துளை வழியே இறக்கி நிரப்பினார்கள். கிட்டத்தட்ட 3 கோடி பவுண்டு செலவு. ஏன் குழம்பில் உப்பு என்று கேட்கிறீர்களா? நல்ல தண்ணீரில் கலந்து ஊற்றினால் அந்தக் குழம்பே தூணைக் கரைத்துவிடும்.

அதன் மேல் 2016-இல் திறந்ததுதான் பேரன்ஸ் கீ. அடி கெட்டியாகிவிட்டது. மேலே கடைக்கு ஆள் வரத்தான் நாளானது. திறந்த புதிதில் பாதிக் கண்ணாடிக்குப் பின்னால் காலி அறைகள். சுரங்கத்தை மூடிவிட்டு மேலே காலியிடம் கட்டியிருக்கிறார்கள் என்று எங்கள் ஒர்க்ஷாப்பில் கேலி செய்வோம்.

#17 பாலிமர்பாண்டி

யாருமே இன்னும் பாலித்தீனைச் சொல்லவில்லையே! நார்த்விச் என்றால் எங்கள் துறைக்காரர்களுக்கு உப்பு ஞாபகம் வராது.

பக்கத்தில் வின்னிங்டன். 1873-இல் ஜான் புரூன்னர், லுட்விக் மாண்ட் இருவரும் அங்கே சோடா சாம்பல் ஆலையைத் தொடங்கினார்கள். கண்ணாடிக்கும் சலவைத்தூளுக்கும் மூலப்பொருள். புரூன்னர் கணக்கு வழக்கு, மாண்ட் ஜெர்மனியிலிருந்து வந்த வேதியியல்காரர். பெல்ஜியத்து சால்வே முறை: உப்புநீரில் அம்மோனியாவைக் கரைத்து, சுண்ணாம்புக்கல் சுட்ட கார்பன் டை ஆக்சைடை ஊதினால் சமையல் சோடா படியும். அதைச் சுட்டால் சோடா சாம்பல். உப்பு காலடியில், சுண்ணாம்புக்கல் பக்ஸ்டன் மலையில். 1926-இல் இந்தக் கம்பெனியும் இன்னும் மூன்றும் சேர்ந்துதான் ஐசிஐ என்ற பெரிய ரசாயனக் கம்பெனி உருவானது.

அந்த வின்னிங்டன் ஆய்வகத்தில் 1933 மார்ச் மாதம் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு அழுத்தத்தில் சேர்த்து வைத்துவிட்டு வார விடுமுறைக்குப் போனார்கள். திங்கட்கிழமை திறந்தால், குழாய் நுனியில் மெழுகு போல வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரை கிராம்கூட இல்லை. திரும்பச் செய்து பார்த்தால் கலம் வெடித்ததுதான் மிச்சம். 1935 டிசம்பரில்தான் மைக்கேல் பெரின் குழுவுக்கு மறுபடி வந்தது, அதுவும் கலத்தில் கசிவு இருந்ததால். எத்திலீனில் இருந்த துளி ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கி வைக்கிறது என்று அப்புறம் புரிந்தது. 1939 செப்டம்பர் 1 அன்று ஆலை உற்பத்தி தொடங்கியது. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாள். முதல் சரக்கெல்லாம் ராடார் கேபிள் உறைக்குப் போனது.

நாம் காய்கறி வாங்கும் கேரிபேக்கின் பூர்வீகம் இந்த உப்பு ஊர்தான்.

#18 கல்வெட்டுக்கிறுக்கன்

பாண்டி, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் புரூன்னரைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் அவரைத் தர்மப்பிரபுவாக்கிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் கட்டினார், நூலகம் கொடுத்தார், எட்டு மணி நேர வேலை, சம்பளத்தோடு விடுப்பு, எல்லாம் 1880-களிலேயே. அந்தக் காலத்தில் பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் தொகுதி எம்.பி.யும்கூட. ஆலை முதலாளியும் அவரே, ஊர்ப் பிரதிநிதியும் அவரே. பம்ப் வைத்து ஊரை இறக்கியவர்களில் அவர் கம்பெனியும் உண்டு. நூலகம் கட்டிக் கொடுத்த நிலமே கீழே போய்க்கொண்டிருந்தால் என்ன சொல்வது?

#19 வீவர்க்கரை

கிறுக்கரே, பாதி சரி. கட்டுப்பாடில்லாமல் இறைப்பதற்கு மாற்று கண்டுபிடித்ததும் அதே சோடா கூட்டம்தான். 1920-களில் ஹால்ஃபோர்ட் பக்கம் ஆழமாகத் துளை போட்டு, தாங்களே தண்ணீரைச் செலுத்தி, உப்பைக் குடுவை போன்ற வடிவத்தில் கரைத்து எடுத்தார்கள். ஒரு குடுவைக்கும் அடுத்ததற்கும் இடையே கெட்டியான உப்புச் சுவர். வேலை முடிந்ததும் உப்புநீராலேயே நிரப்பி மூடிவிட்டால் சுவர் மேலும் கரையாது. மேலே பசு மேய்கிறது, கீழே என்ன என்று அதற்குத் தெரியாது. நான் எட்டு வருடம் அந்த வயல்களில் வால்வு பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தரை அசைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

#20 கல்வெட்டுக்கிறுக்கன்

ஊரை இறக்கி ஐம்பது வருடம் கழித்துக் கற்றுக்கொண்டார்கள் என்கிறீர்கள். சரி, அதையும் குறித்துக்கொள்கிறேன்.

#21 முத்துநகரான்

வரலாறு போதும் அண்ணே. இப்போது அங்கே தொழில் என்ன ஓடுகிறது? வேலைவாய்ப்பு இருக்கிறதா?

#22 வீவர்க்கரை

நம் ஆட்களுக்கு இது வியப்பாக இருக்கும். புரூன்னர் மாண்ட் இப்போது டாடாவினுடையது. 2005 கடைசியில் பேசி அடுத்த வருடம் கைக்கு வந்தது. 2011-இல் மிடில்விச்சில் இருக்கும் பிரிட்டிஷ் சால்ட்டையும் வாங்கினார்கள். மான்செஸ்டரில் மழைக்கோட்டு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்பு அங்கிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஆனால் சோடா சாம்பல் முடிந்துபோன கதை. 2014-இல் வின்னிங்டன் மூடப்பட்டது. எரிவாயு விலைதான் பெரிய காரணம். 200 பேருக்கு மேல் வேலை போனது. 141 வருடமாக நின்ற ஆலை. கடைசி வாரம் நான் உள்ளே இருந்தேன். ஒரு பெரியவர் தன் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இனி யாரும் திறக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். 2025 தொடக்கத்தில் பக்கத்து லாஸ்டாக்கிலும் சோடா சாம்பலை நிறுத்தினார்கள். இனி உப்பும் சோடியம் பைகார்பனேட்டும் (சமையல் சோடா)தான். அதிலும் மருந்துத் தரம், டயாலிசிஸுக்குப் போகும் ரகம் என்று விலை அதிகமுள்ள சரக்கின் பக்கம் திரும்புகிறார்கள்.

2022-இல் இங்கே மின்நிலையப் புகையிலிருந்து வருடம் 40,000 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, அதையே பைகார்பனேட் செய்யப் பயன்படுத்தும் ஆலையைத் திறந்தார்கள். இங்கிலாந்தில் தொழிற்சாலை அளவில் முதலாவது என்று ஒரே விளம்பரம்.

#23 முத்துநகரான்

அண்ணே, அந்த விஷயத்தில் நாங்கள் உங்களுக்கு மூத்தவர்கள்! தூத்துக்குடி ஆல்கலி ஆலையில் 2016-லேயே கொதிகலன் புகையிலிருந்து பிடித்த கார்பன் டை ஆக்சைடை வைத்துச் சோடா சாம்பல் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். வருடம் 60,000 டன் என்று அப்போது லண்டன் பத்திரிகையிலேயே வந்தது. உப்பு ஊருக்கு உப்பு ஊர்தான் வழிகாட்டி.

#24 வீவர்க்கரை

ஒத்துக்கொள்கிறேன், தூத்துக்குடிக்கே மாலை.

இன்னொரு தொழிலையும் சொல்ல வேண்டும். இங்கே இப்போது நல்ல விலைக்குப் போவது உப்பை எடுத்தபின் மிஞ்சும் காலியிடம். உப்புப் பாறை வழியே வாயு கசியாது. அதனால் மிடில்விச்சுக்கும் நார்த்விச்சுக்கும் இடையே ஸ்டப்லாக்கில் 20 குடுவைகள் கரைத்து எரிவாயுவைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் நாட்டுக்கு எடுத்துக் கொடுப்பார்கள். தெற்கே வின்ஸ்ஃபோர்ட்டில் இன்னும் ஓடும் பாறை உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் பழுப்பு உப்பு அங்கிருந்து வருவது. தோண்டி முடித்த அறைகள் காய்ந்து, வருடம் முழுக்க ஒரே வெப்பநிலையில் கிடப்பதால் ஆவணக் காப்பகமாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் காகிதங்களே அங்கே இருக்கின்றன. முன்பு உப்பை விற்று ஓட்டையை ஊர் தலையில் கட்டினார்கள். இப்போது ஓட்டைக்கும் மாத வாடகை.

லாஸ்டாக்கில் வருடம் ஆறு லட்சம் டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் வந்திருக்கிறது. லாரி, புகை என்று ஊரில் எதிர்ப்பு நிறைய. தம்பி வாங்கும் வீடு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

#25 பாலிமர்பாண்டி

போகிற போக்கில் ஆண்டர்டன் படகுத் தூக்கியையும் பாருங்கள். கீழே வீவர் ஆறு, 50 அடி மேலே கால்வாய். 1875-இல், படகைத் தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்து நீர்விசையில் தூக்கும் எந்திரம் வைத்தார்கள். கால்வாய் நீரில் கலந்த ரசாயனம் பிஸ்டனை அரித்துத் தின்றுவிட்டது. 1908-இல் மின்சாரத்துக்கு மாற்றினார்கள். 1983-இல் துருப்பிடித்து மூடி, 2002-இல் மறுபடி திறந்தார்கள். உப்பு ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு.

#26 மழைக்கோட்டு

(பதினொரு நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. போன சனிக்கிழமை குடும்பத்தோடு போய்வந்தோம். மார்ஸ்டன் அருங்காட்சியகத்தில் என் பெண் உப்புக்கட்டியை நக்கிப் பார்த்துத் திட்டு வாங்கினாள். ஆஷ்டன்ஸ் ஃப்ளாஷ் பக்கம் நடந்தோம். சோடா ஆலையின் சுண்ணாம்புக் கழிவைக் கொட்டி நிரப்பிய இடமாம், நடந்தால் செருப்பில் வெள்ளையாக ஒட்டுகிறது. அந்த மண்ணில் ஆர்க்கிட் முளைக்கிறது. வழியில் வந்த ஒரு பாட்டி எதை மிதிக்கக் கூடாது என்று காட்டிவிட்டுப் போனார்.

பிரைன் சர்ச் பதிலும் வந்துவிட்டது. வீடு இழப்பீட்டு வட்டாரத்துக்குள்தான் இருக்கிறது. அதோடு ஒரு வரி: பல வருடங்களுக்கு முன்பு இருந்த உரிமையாளர் சுவர் விரிசலுக்கு மனுப் போட்டிருக்கிறார், வாரியம் ஒரே தவணையாகத் தொகை கொடுத்துக் கணக்கை முடித்திருக்கிறது. இனி அந்த வீட்டுக்கு எதுவும் கிடைக்காதாம். இதை வீட்டை விற்பவரும் சொல்லவில்லை, தரகரும் சொல்லவில்லை.

#27 வீவர்க்கரை

அதற்குத்தான் அந்த வரியை அடிக்க வேண்டாம் என்றேன். விரிசல் பழையது என்றால் வீடு இப்போது நிலைத்துவிட்டிருக்கலாம். ஆனால் கட்டுமானப் பொறியாளரை அனுப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக்காரனும் இதைக் கேட்பான். விலையிலும் குறைத்துக் கேளுங்கள்.

#28 மழைக்கோட்டு

பொறியாளருக்குச் சொல்லியிருக்கிறேன். கையோடு வின்ஸ்ஃபோர்ட் பக்கம் இன்னொரு வீட்டையும் பார்க்கலாம் என்றால், மனைவி, "அங்கே இன்னும் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று உங்கள் இழையில்தானே எழுதியிருக்கிறது?" என்கிறாள். அவள் இந்த இழையைப் படிப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

#29 சும்மா_வந்தவன்

அண்ணிக்கு வணக்கம்.